ஃப்ரிட்ஜில் ஒரு பனிக்காலம்

என் மனைவி நர்ஸ். மழைக்காலம் முடிகிற சமயத்தில் வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் போனாள். பூச்சி பிடிக்கும் செடியை மட்டும் கொண்டுபோக வழியில்லை. அந்த வருடத் தொடக்கத்தில்தான் செம்பூரில் ஒரு செடிக் கண்காட்சியில் அதை வாங்கியிருந்தாள். தாராவியில் எங்கள் மாடி வீட்டு ஜன்னல் கம்பியில் அது இருந்தது. வாய் பிளந்த மாதிரி சின்னச் சின்ன இலைகள். ஈ உட்கார்ந்தால் மூடிக்கொள்ளும்.

“குழாத்தண்ணி ஊத்திராதீங்க. மழத்தண்ணி கேன்ல பிடிச்சு வச்சிருக்கேன். டிசம்பர் வந்ததும் ஃப்ரிட்ஜுல வச்சிருங்க,” என்றாள் கிளம்புமுன்.

“ஃப்ரிட்ஜுலயா?”

“அது குளிர் ஊருச் செடிங்க. மூணு மாசம் தூங்கணும். தூங்கலேன்னா மெலிஞ்சு மெலிஞ்சு செத்துரும். நம்ம பம்பாய்ல எங்க இருக்கு குளிரு?”

டிசம்பரில் போனை மிக்ஸி மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். கறுத்த இலைகளை வெட்டி, வேரில் ஒட்டிய மண்ணை அலசினேன். சின்ன வெங்காயம் போல வெள்ளையாக ஒரு கிழங்குதான் மிஞ்சியது. அதை ஈரப் பாசியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தேன்.

பக்கத்தில் நின்ற என் உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஈ தின்னுற சனியன மாவுச்சட்டி கிட்ட வைக்கியே, அறிவிருக்காலே ஒனக்கு?”

“மாமி, அது இப்ப ஒண்ணும் திங்காது. தூங்குது,” என்று போனுக்குள்ளிருந்து அவள் சிரித்தாள். அவள் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

தினமும் காலையில் தோல் பை தைக்கும் பட்டறைக்குக் கிளம்புமுன் அந்தத் தட்டைத் திறந்து பார்ப்பேன். பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் திறப்பேன்.

ஜனவரியில் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. சரிசெய்ய இரண்டு நாளாகும் என்றார் மெக்கானிக். பகலில் வீட்டுக்குள் புழுக்கம். கிழங்கிருந்த பையை எடுத்துக்கொண்டு தெருமுனையிலிருந்த பால்கடைக்குப் போனேன்.

“யே க்யா ஹை, பாய்?” இது என்ன என்று கேட்டார் கடைக்காரர்.

தோல் பேரம் பேச எனக்கு இந்தி போதும். செடி தூங்குவதைச் சொல்லப் போதாது. “பீவி கா ஹை,” என்றேன், மனைவியுடையது என்று. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பன்னீர்க் கட்டிகளை ஒதுக்கி, கடை ஃப்ரிட்ஜுக்குள் இடம் செய்தார்.

அன்று போனில் இதை அவளிடம் சொன்னேன். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது.

“இங்க சும்மா வெளிய வச்சாலே தூங்கிரும். அதுக்கு ஏத்த ஊருல நான் கெடக்கேன். அது அங்க கெடக்கு,” என்றாள்.

பிப்ரவரி கடைசியில் எடுத்து நட்டேன். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. “இன்னும் இல்ல” என்று சொல்வதற்காகவே ஒவ்வொரு நாளும் போன் செய்தேன். ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஜன்னலிலிருந்து உம்மா கத்தினாள்: “ஏலே, இங்க வா! பச்சையா ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கி!”

போனை என்னிடமிருந்து பிடுங்கி அவளுக்குக் காட்டினாள். காட்டிவிட்டு, “பெருநாளைக்கு வாரியாம்மா?” என்று கேட்டாள்.

“லீவு கெடைக்கல மாமி. இந்த வருசம் முடியாது போல.”

உம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். செடி மட்டும் அந்த மழைக்காலம் முழுக்கச் செழித்து வளர்ந்தது.

அடுத்த டிசம்பரில் அவள் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் அவளை அழைத்தேன். நான் இலை வெட்டுவதை, வேர் அலசுவதை, பாசி சுற்றுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜை மூடினேன்.

“அவ்வளவுதான், முடிஞ்சுது,” என்றேன்.

“போன வச்சிராதீங்க. சும்மா இருங்க கொஞ்ச நேரம்.”

போனை மடியில் வைத்துக்கொண்டு, ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன்.