வால்வுக்குப் போன இடுக்கி

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறேன்... கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் எங்கள் மோட்டார் சைக்கிளின் தலை!

தலை என்றால் ஹெட். இன்ஜினின் மேல்பாகம். பக்கத்தில் எண்ணெய்க் கையோடு என் வீட்டுக்காரர். முகத்தில் என்னவொரு சந்தோஷம்!

அவரைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பகுதியில் ஏற்கெனவே நிறைய புலம்பியிருக்கிறேன். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் டர்னர். வாரம் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, லீவு நாளிலும் எதையாவது கழற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அன்று பூசைக்கும் வரவில்லை. வண்டி வேலை இருக்கிறது, ஆண்டவரிடம் நீயே சொல்லிவிடு என்று என்னை அனுப்பிவைத்தார்.

ஆனால் அன்றைக்கு அவர் மேல் குறை சொல்ல முடியாது. முந்தின நாள் சாயங்காலம் ஒரகடத்திலிருந்து வரும்போதே வண்டி இழுக்கவில்லை. கிக்கரை மிதித்தால் தண்ணீரில் கால் வைத்த மாதிரி போகிறது. வால்வு சரியாக மூடவில்லை, கம்ப்ரஷன் எல்லாம் வெளியே போகிறது என்றார். ஸ்ரீபெரும்புதூர் மெக்கானிக்கிடம் அதற்கான டூல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஒருநாள் பொறுத்தால் என்ன?

பொறுக்க முடியாது. செல்விக்கு நாள் நெருங்கிவிட்டது.

செல்வி ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பெண். பஸ் கிடையாது. மூத்த குழந்தையை வீட்டிலேயே பெற்றாள். கதிர் அறுக்கிற அரிவாளால் தொப்புள் கொடியை அறுத்திருக்கிறார்கள். அந்த அழுக்கில் குழந்தைக்கு ஜன்னி கண்டுவிட்டது. பால் குடிக்க வாய் திறக்கவில்லை. ஒரு வாரத்தில் போய்விட்டது. இந்த முறை யாரையும் கை வைக்க விடாதே, நான் வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நர்ஸின் வாக்கு மோட்டார் சைக்கிளின் வால்வை நம்பி இருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மூத்த குழந்தை இறந்தது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. வீட்டுக்குள் ஆஸ்பத்திரிப் பேச்சு வேண்டாம் என்பது அவர் போட்ட சட்டம்.

சரி, டூல் இல்லாமல் எப்படி வேலை நடந்தது? உட்கார வைத்து விளக்கினார். வால்வு என்பது இன்ஜினுக்குள் இருக்கிற கதவு. ஒரு முரட்டு ஸ்பிரிங் அதை இழுத்து மூடி வைத்திருக்கிறது. அந்த ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது காட்டர் என்ற இரண்டு இரும்புத் துண்டுகள். சுண்டு விரல் நகம்கூட அவற்றைவிடப் பெரிது. ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டே அந்தப் பொடிசுகளை எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் அப்படியே திரும்ப உட்கார வைக்க வேண்டும்.

அமுக்குவதற்கு, தெருக்கோடி ஆசாரி பலகை ஒட்டும்போது இறுக்குகிற கிளாம்ப்பை வாங்கி வந்திருக்கிறார். குழாய் போட்டபோது மிச்சமான பைப்பில் ஒரு துண்டு வெட்டி, பக்கத்தில் ஜன்னல் மாதிரி ரம்பத்தால் அறுத்து, கிளாம்ப்புக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் வைத்தாயிற்று. அந்த ஜன்னல் வழியாகக் காட்டர் வெளியே வரும். வால்வைத் தேய்க்க அதன் தண்டில் ரப்பர் குழாயை மாட்டி, அரைக்கும் பேஸ்ட்டைத் தடவி, உள்ளங்கைகளுக்கு நடுவில் மத்து மாதிரி உருட்டியிருக்கிறார். தேய்த்து முடித்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தால் ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு வேளைக்குள் எல்லாம் மாட்டியாயிற்று. முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. நாங்கள் சோற்றில் கை வைத்த நேரம், செல்வியின் புருஷன் முனுசாமி சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றான். வலி எடுத்துவிட்டது.

ஏரிக்கரைப் பாதையில் வண்டி பறந்தது. வண்டி பழையபடியே இருந்திருந்தால் பாதி வழியில் இறங்கித் தள்ளியிருப்போம். போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் தலை தெரிகிற கட்டம். கையைக் கழுவிவிட்டு, முந்தின நாள் சாயங்காலம் கொதிக்கவைத்து மூடி வைத்திருந்த என் சாமான் டப்பாவைத் திறந்தேன்.

பெட்ரோல் வாசனை.

தொப்புள் கொடியைப் பிடிக்க என்னிடம் இரண்டு இடுக்கிகள் உண்டு. கத்தரிக்கோல் போல இருக்கும், நுனி மெல்லியது, பிடித்தால் பூட்டிக்கொள்ளும். அதில் ஒன்றின் மூட்டில் சாம்பல் நிறப் பசை அப்பியிருந்தது. விரலால் தொட்டேன். நறநறவென்றது.

காட்டரை எதால் எடுத்தார் என்று நான் கேட்கவே இல்லையே!

அந்த ஒரு இடுக்கி மட்டுமா? அதோடு சேர்ந்து கிடந்த கத்தரி, நூல், இன்னொரு இடுக்கி எல்லாமே போயிற்று. செல்வியின் மாமியாரிடம் சட்டியில் தண்ணீர் வைக்கச் சொல்லி, கத்தரியைத் தேய்த்துக் கழுவி அதில் போட்டேன். வீட்டில் இருந்த புது நூல்கண்டிலிருந்து நூலும் வெட்டிப் போட்டேன். விறகு ஈரம். புகைந்ததே தவிர எரியவில்லை. அதற்குள் குழந்தை வந்துவிட்டது. ஆண். நன்றாகவே அழுதது.

கொடியை அறுக்காமல், குழந்தையைத் துணியில் சுற்றித் தாயின் வயிற்றின் மேலேயே போட்டு வைத்தேன். கொடி காத்திருக்கும், அதனால் கெடுதல் இல்லை. அது எனக்குத் தெரியும். சுற்றி நின்றவர்களுக்குத் தெரிய வேண்டுமே! மாமியார் புது பிளேடு ஒன்றைக் காகிதத்திலிருந்து பிரித்து நீட்டினார்.

"இன்னா நர்சம்மா பாத்துக்கினே கீறே? இத்தால அறுத்து வுடு. கொயந்தைக்கு ஒண்ணு ஆயிடப் போவுது."

பிளேடு பளபளவென்றுதான் இருந்தது. கை நீட்டி வாங்கிவிடலாம் போலவும் இருந்தது. செல்வி அந்தப் பிளேடைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தண்ணீர் கொதிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, நானே குனிந்து அடுப்பை ஊதினேன். என் நர்ஸ் வேலையில் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததும் இல்லை, அவ்வளவு பயந்ததும் இல்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்து, கத்தரி வேண்டிய நேரம் அதில் கிடந்த பிறகு, நூலால் இரண்டு இடத்தில் கட்டி நடுவில் வெட்டினேன்.

வெளியே வந்தால், வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு வால்வு பிரமாதம் என்று முனுசாமிக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார் இவர். தனியாகக் கூப்பிட்டு இடுக்கியைக் காட்டினேன்.

"காட்டர் எடுக்க வெரல் போவல. அதான்... பெட்ரோல்ல நல்லா கழுவித்தான வெச்சேன்? பெட்ரோல்ல எந்தக் கிருமி பொழைக்கும்?" என்றார்.

அவருக்கு அது சுத்தம். இன்ஜினை அவர் அப்படித்தான் சுத்தம் செய்வார். குறை வைக்க மாட்டார். ஆஸ்பத்திரிப் பேச்சு வேண்டாம் என்ற சட்டத்தை அன்று மீறினேன். செல்வியின் முதல் குழந்தை எப்படி இறந்தது என்று சொன்னேன். ஜன்னி கண்ட குழந்தை எப்படி வில்லாக வளையும் என்பதையும் சொன்னேன். அவர் வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனையும் செல்விக்காக அவசரப்பட்டுச் செய்ததுதானே என்று நினைத்தபோது அழுகையும் வந்தது.

இருக்கிறதை வைத்துச் சமாளிப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. கிளாம்ப் ஆசாரியிடம் திரும்பிப் போய்ப் பலகையை இறுக்குகிறது. பைப்புத் துண்டு பரணில் கிடக்கிறது. யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரு சாமானை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று நமக்கு உடனே தோன்றிவிடுகிறது. அதைத் திரும்ப வைக்கும்போது பழைய சாமானாகவே இருக்கிறதா என்றுதான் யாரும் பார்ப்பதில்லை. வால்வு ஒழுகினால் மறுபடி கழற்றலாம். கொடியை ஒருமுறைதான் வெட்ட முடியும்.

அதற்குப் பிறகு தினமும் ஷிஃப்ட் முடிந்து நேராக வீட்டுக்கு வராமல், ஏரிக்கரை சுற்றிக்கொண்டு வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. குழந்தை பால் குடிக்குதாம் என்பார். அவ்வளவுதான், சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

போன வாரம் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். ஜன்னி வரக்கூடிய கெடு தாண்டிவிட்டது. குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. செல்வி சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமியார் டீ கொடுத்துவிட்டு இவர் முன்னால் கை கூப்பினார். அண்ணன் மட்டும் அன்னிக்கி வண்டியை ரெடி பண்ணலன்னா என் பேரன் பொழச்சிருக்க மாட்டான் என்றார்.

பாராட்டு என்றால் பாதி வழிக்குப் போய் எதிர்கொண்டு அழைத்து வருகிற மனுஷர். அன்று தலை நிமிரவில்லை.

"என்னால இல்லம்மா. என்னையும் மீறித்தான் பொழச்சிக்கினான்."

அந்த அம்மாள் அதை அடக்கம் என்று நினைத்து, அவருக்கு மட்டும் இன்னொரு டம்ளர் டீ கொண்டுவந்தார்.