சுவாமி நேராக்கிவிட்ட தராசு

நாங்கள் குடியேறிய குளிர்நாட்டு ஊரான பியர்பொன்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். இலையுதிர்காலம் வந்தால் தம்பிமாரோடு வடக்கே மூஸ் மான் வேட்டைக்குப் போய்விடுவாள். ஒருமுறை என் கணவரையும் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தவர் லைசென்ஸ் எடுத்தார், பெரிய துவக்கு ஒன்று வாங்கினார், பிறகு தோட்டாவையும் தானே நிரப்பப் போவதாகச் சொன்னார்.

"கடைத் தோட்டா ஒண்டுபோல ஒண்டு இராது. நானே அளந்து நிரப்பினா குறியும் தப்பாது, ஆபத்தும் இல்லை."

மன்னாரில் வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே புகுந்துகொண்டவள் நான். "ஆபத்தில்லாத வேலைதான் வேணுமெண்டால் முத்திரை சேர்க்கலாமே?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

சோற்றுக்குத் தண்ணீர்கூட அளந்து வைக்கத் தெரியாத மனிதர், பேஸ்மென்டில் உட்கார்ந்து வெடிமருந்தைத் தராசில் துளித்துளியாக நிறுத்தார். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் துடைத்து, அடியில் தீப்பொறி கொடுக்கும் புது வெடிமூடி பொருத்தி, மருந்து நிரப்பி, மேலே சன்னத்தை வைத்து அழுத்துவார். மருந்து அளவுக்கு மிஞ்சினால் துவக்கே வெடித்து முகத்தில் அடிக்குமாம். அதனால் நிறுக்கும்போது பேச்சில்லை, ரேடியோ இல்லை. பூசை நேரத்தில்கூட அவர் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

வேட்டைக்குப் போவதற்கு முதல் நாள் எங்கள் தேவாலயப் பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்தார். "இவர் கீழ வேலையா இருக்கிறார் சுவாமி," என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். சுவாமியிடம் பேசாதீங்கோ என்று எப்படிச் சொல்வது? என் கணவர் எழுந்து நின்று மரியாதையாகக் கதைத்தார். தேநீரை வாங்க இவர் மேலே வந்த நேரம் சுவாமி கீழே தனியாக நின்றார்.

சுவாமி போன பிறகு இவர் மிச்சத் தோட்டாக்களையும் நிரப்பி முடித்தார். கடைசியில், வழக்கம்போல, எடை தெரிந்த அளவுக்கல்லைத் தராசில் வைத்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். முள் சரியான இடத்துக்கு வரவில்லை. உடனே சுவாமிக்குப் போன் எடுத்தார்.

"சுவாமி, அந்தத் தராசைத் தொட்டனீங்களோ?"

"ஓம் தம்பி. அந்தச் சின்னக் கட்டை கொஞ்சம் கோணலாய் நிண்டது. நேராக்கி விட்டனான்."

"மெத்தப் பெரிய உபகாரம் சுவாமி," என்றார் இவர், முகம் வெளுத்துப்போய். அந்தக் கட்டை கொஞ்சம் நகர்ந்தாலே தராசின் அளவு மாறிவிடுமாம்.

எது சுவாமிக்கு முன் நிரப்பியது, எது பின் நிரப்பியது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே பெட்டியில் கிடந்தன. நிறுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். கோதுக்குக் கோது பாரம் வித்தியாசம், அந்தச் சிறு பிசகு அதற்குள் மறைந்துவிடும், எல்லாவற்றையும் பிரிக்கத்தான் வேணும் என்றார். தோட்டாவை இதற்கென்றே செய்த, தலை கூடான பிளாஸ்டிக் சுத்தியலுக்குள் பூட்டி மரக்கட்டையில் அடித்தால் சன்னமும் மருந்தும் கழன்று வரும். பின்னேரம் முழுக்க அதுதான் நடந்தது. ஒவ்வோர் அடிக்கும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். தராசைச் சரிசெய்து, கழன்ற மருந்தை மறுபடி நிறுத்தபோது பல கோதுகளில் கூடுதலாகவே இருந்தது. அவர் அதைக் காட்டினார். அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி, வீடு திருத்துகிறீர்களா என்று விசாரித்தாள். கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, தன்னிடமிருந்த கடைத் தோட்டாப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய துவக்கும் அதே அளவுதான். இவர் அதைக் பொன்னுருக்குச் சடங்கில் சீதனக் கைக்கூலி வாங்கிய மாப்பிள்ளை மாதிரி வெட்கத்தோடு வாங்கிக்கொண்டார்.

போகும் வழியில் சுடுதிடலில் துவக்கைச் சரிபார்த்தார்கள். அடுத்த நாளே மூஸ் மான் ஒரே வெடியில் விழுந்தது. சுட்டது இவர்தான்.

"பாத்தியோ?" என்றார், இறைச்சிப் பெட்டிகளை இறக்கியபடி.

"பாத்தன். கடைத் தோட்டா நல்லாய்த்தான் வேலை செய்யுது."

"மான் கிட்ட நிண்டது," என்றார். "கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் விழுந்திருக்கும்."