நன்றியுரையில் அடித்த பெயர்

அரியலூரில் நான் எம்.ஏ. பொருளாதாரம் படித்த கல்லூரியில், நூலகத்தின் ஓரத்தில் எழுத்து உதவி மையம் என்று ஒன்று இருந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, எங்கள் துறை மேடம் ஒருவர். ஆய்வேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆங்கிலத்தைத் திருத்தித் தருவார். மாணவர்கள் அதை இஸ்திரிக் கடை என்பார்கள்.

“இஸ்திரி போட மட்டும் குடுடி. வெளுக்கப் போட்டா சாயமே போயிடும்” என்றாள் மீன்சுருட்டி ஊரிலிருந்து வந்து என்னோடு படித்த தோழி. பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு அந்த மேடம் தெய்வம். பி.எட். இடம் வேறு கிடைத்திருந்தது. ஆய்வேட்டில் தேறினால்தான் சேரலாம்.

என் ஆய்வேடு பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம் பற்றியது. விலை ஏறும்வரை வெங்காயத்தைப் பட்டறை போட்டு, அதாவது குச்சி நட்டுக் கீற்று வேய்ந்து காற்றாட வைப்பதை, எங்கள் கொல்லையில் பார்த்தபடியே எழுதியிருந்தேன். “இதெல்லாம் ஆய்வு மாதிரியே இல்லம்மா” என்று மேடம் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, குளிர்பதனக் கிடங்கு பற்றிச் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் ஒரு பத்தி எழுதித் தந்தார். ஆங்கிலம் அழகாக இருந்தது. நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நன்றியுரையில் முதலில் அவர் பெயரைப் போட்டிருந்தேன். அதையும் அடித்தார்.

“என் பேரெல்லாம் எதுக்கும்மா? நீ நல்லா வந்தா போதும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தாள்களைப் பத்திரமாக ஃபைலில் வைத்துக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் முதலில் கேட்டதே அந்தக் கிடங்குப் பத்தியைத்தான்.

“உங்க ஊர்ல குளிர்பதனக் கிடங்கு எங்கம்மா இருக்கு? நேர்ல போயி பாத்தியா, எங்கயாவது காப்பியடிச்சியா?”

துறையின் சார்பில் மேடமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். “மேடம்தான் சார் அதைச் சேர்த்தாங்க” என்றேன்.

“மையத்துக்கு எவ்வளவோ பேர் வராங்க சார். நாங்க கமா, புள்ளி மட்டுந்தான் பாப்போம்” என்றார் மேடம், என் முகத்தைப் பார்க்காமல்.

பேராசிரியர் நன்றியுரையைப் புரட்டினார். அதில் மேடத்தின் பெயர் இல்லை.

காப்பியடித்தேன் என்று முடிவானது; நான் தேறவில்லை. பி.எட். இடமும் போனது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

சிவப்பு மைத் தாள்கள் அன்று என் மடியிலிருந்த ஃபைலிலேயே இருந்தன. எடுத்து நீட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் மேடத்துக்கு அசிங்கமாகிவிடுமே என்று கை வரவில்லை.