வெட்டி வைத்த இருபத்தெட்டு விநாடிகள்

நான்தான் அதைப் போட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையொருத்தி பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டில் விம்மி விம்மி அழுவதையும், தாய் அவள் கன்னத்தில் அறைவதையும் ஊர் உலகமெல்லாம் பார்த்துச் சிரிக்கும்படி இணையத்தில் ஏற்றியவன் நானே. நீங்களும் பார்த்திருக்கக்கூடும்... சிரித்தும் இருப்பீர்கள்!

ஏதோ கைதவறி நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வஞ்சம் தீர்த்தேன். விரும்பித் தீர்த்தேன்.

சடங்கு வீடுகளுக்கு வீடியோ எடுப்பது என் தொழில். யாழ்ப்பாணம் அரியாலையில் என் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. பிள்ளை படகில் வருவதும் பல்லக்கில் வருவதும் மேலே ட்ரோன் சுற்றுவதுமாகச் சாமத்திய வீடு இப்போது கலியாண வீட்டையே விழுங்கிவிட்டது. கனடாவிலிருக்கும் மாமி பார்க்க வேண்டும், சுவிஸிலிருக்கும் சித்தப்பா பார்க்க வேண்டும் என்று எல்லோரும் யூடியூப்பில் ஊரறியப் போடச் சொல்வார்கள். போடுவேன். அழுகை, சண்டை, சோர்வு எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத்தான் போடுவேன். வெட்டியவை என் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். அந்த நம்பிக்கையில்தானே சனம் என்னை வீட்டுக்குள் விடுகிறது?

எனக்கு ஒரே மகள், ஆரணி. பதினாலு வயது. பாடசாலைப் பேச்சுப் போட்டியில் நடுவே பேச்சு மறந்து, மேடையிலேயே அழுதுவிட்டாள். யாரோ கைபேசியில் எடுத்தார்கள். பெயர் காட்டாத ஒருவன் அதற்குக் கோழி கொக்கரிக்கும் சத்தமும் தன்னுடைய சிரிப்பும் சேர்த்து டிக்டொக்கில் விட்டான். இரண்டே நாளில் தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் என் பிள்ளையைப் பார்த்துக் கொக்கரித்தான்! அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். பிறகு முற்றத்துக்கு வருவதையும் நிறுத்தினாள். டிக்டொக்குக்கு முறைப்பாடு கொடுத்தேன், விதிமீறல் எதுவும் இல்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது.

அந்தச் சிரிப்பு... அதை எங்கோ கேட்டிருந்தேன். எங்கே? படம் வெட்டி ஒட்டுகிறவனுக்கு முகம் மறந்தாலும் குரல் மறக்காது. இரண்டு வருடத்துக்கு முன் மானிப்பாயில் எடுத்த ஒரு சாமத்திய வீடு நினைவுக்கு வந்தது. டிஸ்க்கைத் தேடியெடுத்து, வெட்டி வைத்த துண்டுகளை ஓட விட்டேன். துளசி என்ற அந்தச் சின்னப் பெண் பாரம் தாங்காமல் நகையைக் கழற்றி எறிந்து, "எனக்கு உந்தக் கூத்து வேண்டாம், என்னை விடுங்கோ!" என்று காலை உதைத்து அழுகிறாள். தாய் அறைகிறாள். பின்னால் நின்று சிரிக்கிறான் அவளுடைய தமையன். அதே சிரிப்பு!

அவனுடைய கூட்டாளி ஒருவனிடம் மெல்ல விசாரித்தேன். "ஓம் அண்ணை, கோழிச் சத்தம் போட்டது உவன்தான்," என்று பெருமையாகச் சொன்னான்.

நேரே போய் அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். தகப்பனிடம் சொல்லியிருக்கலாம். பொலிசுக்குப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை? அதெல்லாம் எனக்குப் போதவில்லை! அவன் வீட்டிலும் ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க வேண்டும். அதை அவன் நாள்தோறும் பார்க்க வேண்டும். அழுகைக்கு அழுகை!

விருந்துக்கு வந்த யாரோ எடுத்தது போலத் தெரியட்டும் என்று, கணினித் திரையைக் கைபேசியால் ஆட்டி ஆட்டிப் படமெடுத்தேன். இருபத்தெட்டு விநாடி. பொய்ப் பெயரில் ஒரு கணக்குத் திறந்து ஏற்றினேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். பார்ப்பவர்கள் கூடக் கூட எனக்குத் தித்தித்தது. படடா பாவி, படு! என்று அவனை மனதுக்குள் திட்டினேன். துளசியை நான் நினைக்கவே இல்லை... இல்லை, பொய்! நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் செய்தேன்.

பத்தாம் நாள் அவளுடைய தகப்பன் என் வீட்டுக்கு வந்தார். வாசல் படலையடியில் அவரைக் கண்டதும், கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உதுகளை அழிக்கிற வழி உமக்குத்தான் தெரியும். எப்பிடியாவது அழிச்சுத் தாரும். துளசி பள்ளிக்கூடம் போறாளில்லை, சாப்பிடுறாளில்லை. தலைமயிரையும் கத்தரிக்கோலாலை வெட்டிப்போட்டாள்."

"ஆர் அண்ணை போட்டது?" என்று கேட்டேன். எப்படித்தான் கேட்டேனோ!

"வேறை ஆர்? என்ரை தங்கச்சி வீட்டார்தான். எரிச்சல் பிடிச்சதுகள். இனி அவளின்ரை செத்த வீட்டுக்கும் போகமாட்டன்."

கூடப்பிறந்தவளை அந்த மனிதர் என் கண்முன்னேயே அறுத்து எறிந்தார். ஒரு சொல் சொல்லித் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

அப்போதுதான் உள்ளறைக் கதவு திறந்தது. மூன்று மாதமாக வெளியாள் முன் வராத என் ஆரணி வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், கண் சிவந்திருந்தது.

"மாமா, துளசியின்ரை நம்பரைத் தாங்கோ. நான் கதைக்கிறன். அவளுக்கு எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும்," என்றாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் கதைக்கிறார்கள். ஒரே கிழமையில் பள்ளிக்கூடத்துக்கும் திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் துளசி எங்கள் வீட்டுக்கு வருகிறாள். கட்டையாக வெட்டிய தலையோடு என் முன்னாலிருந்து தேத்தண்ணி குடிக்கிறாள். தமையன்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குகிறான். அவன் என்ன செய்தவன் என்று ஆரணிக்குத் தெரியாது. சொன்னால் என்னுடையதும் வெளியே வந்துவிடுமே! அவனைக் காணும்போதெல்லாம் இன்றைக்கும் என் பல் நெறிபடுகிறது. நான் அவனை மன்னிக்கவில்லை. அவனுக்கோ ஒரு கீறலும் விழவில்லை! விசிலடித்துக்கொண்டு போகிறான்.

அந்தப் பொய்க் கணக்கைத் தகப்பன் வந்து போன அன்றே அழித்தேன். அதற்குள் எத்தனையோ பேர் எடுத்து வேறு வேறு பக்கங்களில் போட்டுவிட்டார்கள். ஒன்றை நீக்கினால் இன்னொன்று முளைக்கிறது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன ஞாயிறு, துளசியின் தோளில் கை போட்டபடி ஆரணி என் மேசையடிக்கு வந்தாள்.

"அப்பா, உவளின்ரை வீடியோவை முதல்ல போட்டவன் ஆரெண்டு கண்டுபிடியுங்கோ. உங்களாலை ஏலும். கண்டுபிடிச்சா விடக்கூடாது. உவள் அழுத மாதிரி அவன்ரை பிள்ளையும் கிடந்து அழவேணும்!"

"அப்பிடிச் சொல்லாதை பிள்ளை," என்றேன்.

"ஏன் சொல்லக்கூடாது?"

இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கண்டுபிடிப்பம்," என்றேன்.