எதிர்வீட்டு அக்காவும் அரசாங்கப் பத்திரமும்

அரூரிலேயே பள்ளமான இடம் எங்கள் தெரு. மழை என்றால் மேட்டுத் தெருக்களின் சாக்கடையெல்லாம் வழி விசாரித்துக்கொண்டு நேராக எங்கள் சமையலறைக்குத்தான் வரும். போன ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ உள்ள வந்துச்சுன்னா வூட்ட வித்துட்டு சேலத்துல பையன்கிட்டயே போயிடலாம்." அவர் பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை. எனக்கோ இந்தத் தெருவை விட்டுப் போனால் யாரோடு சண்டை போடுவது என்றே தெரியாது.

அதனால், மழைநீர் வடிகால் கட்டப்போகிறோம் என்று நகராட்சிப் பொறியாளர் அம்மா வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "அரசாங்கம் பத்திரம் போட்டுக் கடன் வாங்கிக் குடுத்திருக்குங்க" என்றார். வந்தது வினை. எதிர்வீட்டு அக்காவுக்குப் பத்திரம் என்றால் வீட்டுப் பத்திரம் ஒன்றுதான். தெருவையே அடமானம் வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, மறுநாள் பொக்லைன் வந்ததும் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் மஞ்சப்பை, அதற்குள் அவர் வீட்டுப் பத்திரம். வேலை நின்றது. எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியோடு தூக்கித் தள்ளியிருப்பேன், அவருடைய எடை அவரைக் காப்பாற்றியது.

என் வீட்டுக்காரர்தான் போய்ப் பக்கத்தில் குந்தினார். "இது வேற பத்திரமுங்க. இத்தன வருசத்துல வட்டியோட தர்றேன்னு அரசாங்கம் எழுதிக் குடுக்கும். பேங்கு, இன்சூரன்ஸ் கம்பெனியெல்லாம் பணம் போட்டு அத வாங்கும். நீங்க மாசாமாசம் கட்டறீங்களே இன்சூரன்ஸ், அந்தக் காசுகூட அதுல இருக்கலாம்."

அக்கா யோசித்தார். "அப்ப இந்தச் சாக்கடைக்கு நான் காசு குடுத்திருக்கனா?"

"இருக்கலாமுங்க" என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி நகர்ந்துவிட்டது. பள்ளத்தின் ஓரம் வரைக்கும்தான். அன்றிலிருந்து அங்கே உட்கார்ந்து மேற்பார்வை. "எங்காசுங்க அது, சிமெண்ட்ட நல்லாப் போடுங்க!" மேஸ்திரிக்குத் திட்டும் டீயும் சேர்ந்தே கிடைத்தன. பொறியாளர் அம்மாகூட முதலில் அக்காவுக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் டேப்பை எடுப்பார்.

வேலை முடிந்து முதல் பெருமழை ஒரு சாயங்காலம் வந்தது. வீட்டுக்காரர் வாசலில் நின்று தெருவைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர் வந்தது, சுழித்தது, எங்கள் படியை எட்டிக்கூடப் பார்க்காமல் வடிகாலுக்குள் இறங்கிப் போனது. "போவுது, போவுது!" என்று அக்கா குடையோடு ஓடிவந்தார். நான் நனைந்துகொண்டே போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். ஒரு சாக்கடை எனக்கு இத்தனை சந்தோஷம் தரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

உள்ளே வந்தால், வீட்டுக்காரர் சமையலறைச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இதுக்கு என்ன கலர் அடிக்கலாம்?" என்றார்.