எல்லோருக்கும் தெரிந்த பெயர்

தைவானின் தைனான் நகரில், ஒரு பல்கலைக்கழகக் கடலியல் துறையின் பெரிய கணினியைப் பார்த்துக்கொண்டவள் சுங் ஈஜென். வேலை ஒரு வருட ஒப்பந்தத்தில். மாணவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே கணினிதான். அதன் தலைமேல் தேங்காய் மணக்கும் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும், பச்சை நிறத்தில். அது இருந்தால் இயந்திரம் அடம்பிடிக்காது என்பது அந்த ஊர் நம்பிக்கை. காலாவதியாகும் முன் மாற்றிவிட வேண்டும்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் வாரத்தில் மாணவன் போயெனின் புயல் அலைக் கணக்கீடுகள் அழிந்தன. அளவு பெரிது என்று மறுபிரதி எடுத்ததில்லை. அவனுடைய பட்டம் தள்ளிப்போயிற்று.

துறைத் தலைவர் ஜியென் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். "தேதி முடிஞ்சிருச்சே! மெஷினைப் பட்டினி போட்டுட்டியே ஈஜென்."

"அதான் என் புயலைத் தின்னிருச்சு சார்" என்றான் போயென். அறை சிரித்தது. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

ஈஜென் சிரிக்கவில்லை. யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று தினமும் கணக்கெடுக்க அவள் ஒரு நிரல் எழுதியிருந்தாள். அது தன் இடைக்குறிப்புகளை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதும்; யாரும் எதையும் வைக்கக்கூடிய பொதுக் கோப்புறையில், என்றைக்கும் ஒரே பெயரில். யாரோ அந்தப் பெயரில், போயெனின் கோப்புக்கு இட்டுச்செல்லும் இணைப்பு ஒன்றை முன்கூட்டியே வைத்திருந்தார்கள். எவர் கோப்பையும் தொட அனுமதி உள்ள நிரல், பார்க்காமல் அதன்மேல் எழுதிவிட்டது.

"பொட்டலம் இல்ல சார். நான் எழுதின புரோகிராம்" என்று சொல்லி விளக்கினாள்.

"வச்சது யாரு?"

"தெரியல சார். படிச்சு முடிச்சுப் போனவரோட அக்கவுண்ட்ல இருந்து வச்சிருக்காங்க. அதோட பாஸ்வேர்டு இங்க பாதிப் பேருக்குத் தெரியும்."

ஜியென் குரலைத் தாழ்த்தினார். "டிஸ்க் போச்சுன்னு எழுதிடறேன். ஒப்பந்த வாரம்மா இது. கமிட்டிக்கு ஒரு சாக்கு போதும், உன்னை அனுப்பிடுவாங்க."

"அப்படி எழுதினா ஓட்டை அப்படியே இருக்கும் சார். இன்னும் ரெண்டு துறையில இதையே ஓட்டறாங்க."

அன்றே நிரலைத் திருத்தினாள். கோப்புக்கு இனி ஊகிக்க முடியாத பெயர். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் நிரல் எழுதாமல் நின்றுவிடும். மற்ற துறைகளுக்கும் பிழை தன்னுடையது என்று சொல்லி அனுப்பினாள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

கடைசி நாள் போயென் கணக்கீட்டை முதலிலிருந்து ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு இன்னும் கோவம் இருக்குக்கா."

"இருக்கட்டும்."

போயென் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டான். ஈஜென் உட்கார்ந்து, அவன் கோப்புகளுக்கு மறுபிரதி எடுக்க ஏற்பாடு செய்யத் தொடங்கினாள்.