வினோதினி ஓடாத மூவாயிரம் மீட்டர்

பொங்கல் லீவு முடிந்த வாரம். காலைப் பயிற்சி முடிந்து பிள்ளைகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கடலூர் ஸ்டேடியம் வாசலில், மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெண் எனக்காகக் காத்திருந்தார். செல்வி. என்னிடம் ஓட வரும் வினோதினியின் அம்மா.

திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் உட்கார வேண்டிய நேரத்தில் இங்கே எதற்கு?

"டீச்சர், செத்த இப்புடி ஓரமா வாங்களேன்..."

போனேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அஞ்சு மாசமா அவ தூரமாவல டீச்சர்."

மாதவிலக்கு வரவில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு, ஐந்து மாதமாக.

"நான் பாவி... வேற மாதிரி நெனச்சிட்டேன். எங்க ஊர்ல தெரிஞ்சா என்ன பேசுவாங்கன்னு பயந்துகிட்டு, யாருக்கும் தெரியாம மெடிக்கல்ல கிட்டு வாங்கியாந்து பாத்தேன். அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பெத்த பொண்ணயே சந்தேகப்பட்டுக் கன்னத்துல அறைஞ்சிட்டேன் டீச்சர்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வூட்ல மீனுக்கா பஞ்சம்? தட்டுல வச்சா அப்புடியே பூனைக்குப் போடுறா. கேட்டா, மிஸ் வெயிட்டு ஏறக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கங்கறா. நீங்கதான் சொன்னீங்களா?"

நான்தான் சொன்னேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். பள்ளியில் பி.டி. டீச்சர். காலையில் பெண் பிள்ளைகளுக்குத் தொலைதூர ஓட்டம் சொல்லித்தருபவள். பன்னிரண்டு வயது இலக்கியாவுக்கு அம்மா. உங்களுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு — திங்கட்கிழமைதோறும் எல்லாப் பிள்ளைகளையும் மெஷினில் ஏற்றி, எடையை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிப்பேன். நாற்பத்தெட்டு கிலோவில் என்னிடம் வந்தவள் வினோதினி. நாற்பத்தொன்றைத் தொட்ட அன்று, அவளுக்காக எல்லாரையும் கைதட்டச் சொன்னேன்.

அவளுடைய டைம் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்?

தெரியாமல் செய்தேனா? அதுதான் இல்லை.

நான் பத்தாயிரம் மீட்டர் ஓடிய காலத்தில் எனக்கும் இதே போல் நின்றுபோனது. கூச்சத்தோடு என் கோச்சிடம் சொன்னேன். "நல்லதுதானேம்மா, உடம்பு பந்தயத்துக்கு ரெடியாயிடுச்சு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டு வருடம் அப்படியே ஓடினேன். இருபத்துநாலு வயதில் பாதத்து எலும்பில் விரிசல் — ஓட்டம் முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஒன்பது வருடம் குழந்தை இல்லை. எத்தனை ஸ்கேன், எத்தனை ஊசி, எத்தனை விசேஷ வீடுகளில் அந்தக் கேள்வி... பழைய கதைதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இவ்வளவும் பட்டவள், தன்னிடம் வரும் பெண் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எது? நான் கேட்டதே இல்லை. வீட்டில் இலக்கியா பாதி இட்லியை மிச்சம் வைத்தால் திட்டுகிறேன். கிரவுண்டில் இன்னொருத்தி பெற்ற பெண் பட்டினி கிடந்தால் கைதட்டுகிறேன். ஒரே நாளில்... ஒரே ஆள்.

அன்று மாலையே செல்வியையும் வினோதினியையும் டாக்டரிடம் அழைத்துப்போனேன். ரத்தம் குறைவு. அதோடு, இடது முழங்காலுக்குக் கீழே வலிப்பதை வினோதினி ஒரு மாதமாக மறைத்து வைத்திருந்தாள். ஸ்கேனில் மெல்லிய கோடாக ஒரு விரிசல் தெரிந்தது.

"ஓடுறது தப்பில்ல. ஓடுற அளவுக்குச் சாப்பிடாம ஓடுறதுதான் தப்பு" என்றார் அந்த டாக்டரம்மா. "உடம்பு பாவம் என்ன செய்யும்? ஒவ்வொண்ணா நிறுத்திக்கிட்டே வருது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா இந்த எலும்பு முழுசா முறிஞ்சிருக்கும்."

அவர் பார்த்தது செல்வியை. தலை குனிந்தது நான்.

அடுத்த மாதம் சிதம்பரத்தில் போட்டி. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பது அங்கேதான். இடம் கிடைத்தால் சாப்பாடு, படிப்பு, ஷூ எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால், அந்த ஆசையை அவர்கள் மனதில் விதைத்தவளே நான்தான்.

மறுநாள் வினோதினியிடம் சொன்னேன்.

"சிதம்பரம் வேணாம்டா. உன் பேரக் குடுக்கல."

அவள் கத்தவில்லை.

"நாப்பத்தொண்ணு வந்தப்ப கை தட்டச் சொன்னீங்களே மிஸ்... அப்ப அது பொய்யா?"

"தப்பும்மா. நான் பண்ண தப்பு."

"தப்பு நீங்க பண்ணிட்டு, ஓடாம ஒக்கார்றது மட்டும் நானா?"

அவள் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து போனாள். மறுநாளிலிருந்து வரவில்லை. அந்த எடை மெஷினைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். போட்டால் மட்டும் சரியாகிவிடுமா என்ன?

போட்டி நாள் வந்தது. மற்ற ஐந்து பிள்ளைகளோடு பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். மூவாயிரம் மீட்டரில் முதலில் வந்த பெண் நன்றாகவே ஓடினாள். ஆனால் ஸ்டாப்வாட்சை இரண்டு தடவை பார்த்தேன். வினோதினி சாதாரணமாகப் பயிற்சியில் ஓடும் டைமைவிடப் பத்து நொடி அதிகம்.

பக்கத்தில் நின்றிருந்த, பல வருடம் பழகிய கோச் ஒருவர் சொன்னார். "ஒரே ஒரு ரேஸ்தானே மேடம்... ஓட விட்டுட்டு அப்புறம் ரெஸ்ட் குடுத்திருக்கலாம்ல?"

"உங்க பொண்ணா இருந்தா விடுவீங்களா சார்?"

"எம் பொண்ண நான் ஓடவே விடல மேடம்" என்றார்.

ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்த நிமிடம் எனக்கும் சபலம் வந்தது. விட்டிருக்கலாமோ? ஏழரைச் சுற்றுதானே? எலும்பு தாங்கியிருக்குமோ? இத்தனைக்குப் பிறகும் அப்படி நினைத்தேன் பாருங்கள்... அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இலக்கியாவை ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு செல்வியின் வீட்டுக்குப் போனேன். கடற்கரையை ஒட்டிய குப்பம். வினோதினி என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி —

"ஃபர்ஸ்ட் வந்த பொண்ணு டைம் எவ்ளோ மிஸ்?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். தோள் மட்டும் குலுங்கியது. செல்வி அவள் முதுகில் கை வைத்தார். தட்டிவிட்டாள்.

அப்போதுதான் என் கதையைச் சொன்னேன். என் கோச் சொன்னது, பாதத்து விரிசல், அந்த ஒன்பது வருடம். என் வீட்டுக்காரரையும் டாக்டரையும் தவிர யாரிடமும் சொன்னதில்லை. செல்வி கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லாந் தெரிஞ்சிருந்துமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"ஆமாம் செல்வி. தெரிஞ்சிருந்தும்தான்."

திரும்பும் வழி. பீச் ரோடு தாண்டியதும் இலக்கியா என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அதனாலதான் நான் லேட்டா பொறந்தேனாம்மா?"

"தெரியலடா."

"நான் பொறக்காமயே போயிருப்பேனா?"

வண்டியை ஓரம் கட்டினேன். போகிற வருகிற ஆட்கள் பார்ப்பார்கள் என்று தெரிந்தும், அவளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

வாரங்கள் ஓடின. செல்வி தினமும் எதிரில் உட்கார்ந்து மகளைச் சாப்பிட வைத்தார். முதலில் சண்டை, அப்புறம் பாதித் தட்டு, அப்புறம் முழுத் தட்டு. கால் விரிசல் கூடிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். மற்றது மட்டும் வரவில்லை.

போன புதன்கிழமை, விடிந்தும் விடியாமல் போன் அடித்தது.

"டீச்சர்... தூரமாயிட்டா டீச்சர்!" செல்வி அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். "வயசுக்கு வந்தப்பகூட நான் இவ்ளோ சந்தோசப்படல!"

சனிக்கிழமை வினோதினி ஸ்டேடியத்துக்கு வந்தாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது. டாக்டரம்மா அனுமதித்தபடி இரண்டு சுற்று நடை, ஒரு சுற்று மெல்லிய ஓட்டம். அவ்வளவுதான். விடுதி இடம் போனது போனதுதான். அடுத்த வருடம் கிடைக்குமா, அந்தப் பழைய டைம் திரும்புமா — தெரியாது. இப்போதெல்லாம் என்னிடம் சேரும் பிள்ளைகளிடமும், அவர்கள் அம்மாக்களிடமும், முதல் நாளே மாதவிலக்கு பற்றிக் கேட்டுவிடுகிறேன். சிலர் நெளிகிறார்கள். நெளியட்டும்.

வினோதினி இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறாள்.

பரவாயில்லை... இப்போதாவது நான் கேட்கிறேனே!